கை தூக்காத கூட்டம்

"நூறு டாலர்... நூறேதானா? மேல கேக்க ஆளே இல்லையா?"

ஏலக்காரர் டெல்மர் குவிஸ்ட் மூன்றாவது முறையாகக் கூவினார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அவர் ஏலம் போடாத ஊர் இல்லை. இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை.

ஏலத்துக்கு வந்திருப்பது லேசுப்பட்ட பழைய நோட்டா? எல்க் ஃபோர்டு என்ற குட்டி ஊரின் பாங்க், அந்தக் காலத்தில் தன் பேரிலேயே வெளியிட்ட பத்து டாலர் நோட்டு! பாங்கும் போய்விட்டது, மற்ற நோட்டுகளும் போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒன்றுதான். கீழே காசாளர் மையால் போட்ட கையெழுத்துகூட அப்படியே இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு நாலாயிரம் போகும்.

முந்தின நோட்டுக்குச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்ட சேகரிப்பாளர்கள், இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத்தலை கிளின்ட் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தான்.

விலை கேட்டது ஒரே ஒருத்தி. ஸ்கூல் பஸ் ஓட்டும் லூயெல்லா.

வேறு வழியில்லாமல் டெல்மர் சுத்தியலைத் தட்டினார். அவள் பணத்தைக் கட்டினாள். நோட்டைக் கையில் வாங்கியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

கதவு மூடியதும் டெல்மர் வெடித்தார்.

"கூட்டுக் களவாணிகளா! பேசி வெச்சுக்கிட்டு விலையைச் சாய்ச்சுட்டீங்களே! பேரைக்கூடச் சொல்லாம ஆள் மூலமா குடுத்தனுப்பியிருக்கான், வித்தவனுக்கு என்ன கஷ்டமோ? அவன் வயித்துல அடிக்கலாமா?"

தன் கமிஷன் போன எரிச்சலும் அதில் கொஞ்சம் இருந்தது.

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா சார்?" என்று முனகினான் கிளின்ட். "அந்த நோட்டுக்காக நான் தேடாத ஊரா, போகாத ஏலமா!"

"இந்த ஏலம் செல்லாது! யாராவது ஓடிப் போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க!"

"வேண்டாம் தம்பி."

கடைசி வரிசையிலிருந்து ஆர்வில் ஹாகன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கூட்டத்திலேயே வயதானவர் அவர்தான்.

"அந்த நோட்டுல கையெழுத்துப் போட்ட காசாளர் லூயெல்லாவோட தாத்தா. அந்த மனுஷன் போட்டோகூட அவங்க வீட்ல கிடையாது. சும்மா குடுத்தா வாங்க மாட்டா, ரோஷக்காரி. முழு விலை குடுக்க அவளால முடியாது."

"அதுக்காக? அடுத்தவன் பொருளை நீங்க எல்லாரும் சேர்ந்து தானம் பண்ணுவீங்களா? வித்தவனுக்கு யாருய்யா பதில் சொல்றது?"

கிழவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"வித்தவன் நான்தான் தம்பி. கையைத் தூக்கிடாதீங்கடான்னு காலையிலேருந்து இவங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் கெஞ்சினவனும் நான்தான்."