கூடத்துக் காற்று

மெக்கானிக் படுக்கையறை ஏசியின் மூடியைக் கழற்றினான். "யம்மாடி!" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவள் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாங்கியதிலிருந்து யாரும் திறக்காத ஏசி. ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. அவன் தண்ணீரைப் பீய்ச்சியபோது வாளிக்குள் விழுந்தது சாக்கடையேதான்.

"வீட்ல யாருக்காவது இருமல் உண்டா அக்கா?"

அவள் வாளியைச் சற்று நகர்த்திப் பிடித்தாள்.

"இவளுக்குத்தான்பா," என்றார் கணவர். "போன வருசம் பூரா லொக்கு லொக்குன்னு. எக்ஸ்ரே, டானிக், ஆடாதோடைக் கஷாயம்... பாக்காத வைத்தியம் இல்ல."

"இதாலதான் சார். ராத்திரி பூரா இந்தத் தூசியைத்தானே உள்ள இழுத்திருக்காங்க."

அவள் இருமலுக்காக யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. திருச்சி வெயிலுக்கு ஏசி குளிரவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே ஆள் வந்து நிற்கிறான். அதை நினைத்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடம் மரத்துப் போய் வெகு காலம் ஆகிவிட்டது.

இருமல் சத்தம் தாங்காமல் அவளைக் கூடத்துக்கு அனுப்பியதும் அவர்தான்.

"காலைல நான் ஆபீஸ் போகணும் தாயே. கொஞ்சம் வெளிய போய்ப் படு."

பாயும் தலையணையுமாக வந்தாள். ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாள். ஒரு வாரத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தால் மட்டும் திரும்பி வந்தது; அதனால் படுக்கை கூடத்திலேயே நின்றுவிட்டது.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பெட்டிதான் காரணமென்று.

சொல்லவில்லை.

கூடத்தில் நினைத்தபோது விளக்கை அணைக்கலாம். கைகாலை நீட்டிப் படுக்கலாம். கேட்காமல் மேலே வந்து விழுகிற கை இல்லை. இத்தனை வருசத்தில் அந்தக் கை ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இருமல்தான் அவளுக்காகச் சொன்னது.

மெக்கானிக் போனதும் அவர் ஜன்னல்களைச் சாத்தினார். கூடத்துப் பாயைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றினார். அவள் தலையணையைக் கொண்டுவந்து தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு தட்டுத் தட்டினார்.

மத்தியானம்தான் ஆகியிருந்தது. ஏசியைப் போட்டார்.

"அம்சா, இங்க வந்து நில்லு. காத்து எப்படி வருது பாரு! விட்டுது சனியன். இனிமே உள்ளயே படுத்துக்க."

அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். பாவம், கெட்ட மனிதர் இல்லை.

அவள் ஏசிக்குக் கீழே போய் நின்றாள்.

மூச்சை இழுத்தாள். அது தடையில்லாமல் அடிநெஞ்சு வரை இறங்கியது. தூசி இல்லை. பழைய வாடை இல்லை. நல்ல காற்று.

"எப்படி?" என்றார்.

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

முதல் இருமல் சரியாக வரவில்லை.

இரண்டாவதில் பழைய சத்தம் வந்துவிட்டது.