இறங்கும் இடம்

மூன்றாவது ரயிலில்தான் ஏற முடிந்தது.

அவள் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். யாரோ எழுந்து மாமியாருக்கு இடம் கொடுத்தார்கள். கணவன் ஜெபநேசன் கதவோரம் ஒற்றைக் காலில் நின்றான். பெட்டி முழுக்க ஒரே பேச்சு. கடற்கரையில் விமான சாகசம்.

பாப்பாவுக்குப் பிளேன் காட்ட வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்து அவர்களைக் கிளப்பியிருந்தாள்.

பொய்யில்லை. பாதிதான் சொன்னாள்.

பாராசூட்டில் குதிக்கப்போகும் எட்டு வீரர்களின் படம் செய்தித்தாளில் வந்திருந்தது. இடமிருந்து மூன்றாவது, தணிகாசலம். அவளுடைய அண்ணன்.

பார்த்து ஒன்பது வருடம்.

வேறு மதத்தில் கட்டிக்கொள்வேன் என்று அவள் வீட்டைவிட்டு வெளியேறிய அன்று, அண்ணன் விடுப்பில் வந்திருந்தான். அப்பா கத்தினார். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அண்ணன் வாய் திறக்கவில்லை. வாசலுக்கு வந்தான். குனிந்து, அவள் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

போய்த் தொலை என்றானா?

பார்த்துப் போ என்றானா?

இன்றுவரை விளங்கவில்லை. கணவனிடமும் கேட்க முடியாது. அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே அவன் முகம் சுண்டிவிடும்.

திருவல்லிக்கேணியில் இறங்கியதும் கூட்டமே அவர்களை நடத்திக்கொண்டு போனது. மகள் கேட்ட மாங்காய்ப் பத்தையை வாங்கக்கூட நிற்க முடியவில்லை. கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு முன்பே எல்லாம் உறைந்துபோனது. மாமியார் பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு மேல என்னால ஆகாதும்மா."

மணலும் தெரியவில்லை. கடலும் தெரியவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்று வானம்.

ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். வடக்கத்திக் குரல்.

"தனிகா... சலாம்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் சரியாகச் சொல்லிப் பார்த்தாள்.

முதலில் புள்ளிகள். பிறகு குடைகள்.

எட்டும் விரிந்ததை எண்ணி முடித்த பிறகே மூச்சு விட்டாள். எல்லாம் ஒரே நிறம். அவன் எதில் தொங்குகிறான் என்று தெரியவில்லை. எட்டையும் பார்த்தாள். அவை ஒவ்வொன்றாய்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கி மறைந்தன.

அப்புறம் போர் விமானங்கள் வந்தன. மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். ஊரே அண்ணாந்து நின்றது. அவள் மட்டும் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. கூட்டம் ரயில் நிலையத்தை நோக்கித் திரும்பியது. ஜெபநேசன் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினான். மனைவி பக்கம் பார்க்காமலே கேட்டான்.

"மைக்ல சொன்னது உங்கண்ணன் பேர்தான?"

அவள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"பேப்பர்ல நானும் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்தான். "அம்மாவ நான் பாத்துக்கறேன். பாப்பாவக் கூட்டிட்டுப் போ."

ஊர் முழுக்க எதிரே வந்தது. அவளும் மகளும் கடலை நோக்கி நடந்தார்கள். தோள்கள் இடித்தன. யாரோ திட்டினார்கள். தடுப்புக் கம்பிகள்வரை போய்விட்டாள்.

ஒரு பெண் போலீஸ் கை நீட்டி மறித்தார்.

"எல்லாம் முடிஞ்சிபோச்சும்மா. எங்க போற?"

"எங்கண்ணன் அங்கதான் மேடம் எறங்கியிருக்காரு."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

பெண் போலீஸ் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கை கீழிறங்கியது.

"வண்டியில ஏறிட்டிருக்காங்க. சீக்கிரம் ஓடு."

அவளுக்குக் கால் எழவில்லை.

மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.