முப்பத்துமூன்றாம் எண்

"முப்பத்துமூணு," என்று பாக் கொஸ்வாரா கூப்பிட்டார்.

"இருக்கேன் பாக்," என்றேன் நான்.

என் எண் பதினேழு. முப்பத்துமூன்று என் தோழி தித்தினுடையது.

'பாக்', அதாவது ஐயா, என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் ஆசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு கோடு போட்டார். பேருந்தின் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. போகோரில் மத்தியானத்துக்கு மேல் மழை வராவிட்டால்தான் அதிசயம். தாவரவியல் பூங்காவிலிருந்து தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, கிடைத்த இருக்கையில் விழுந்திருந்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பது தப்பே இல்லை. கழிப்பறைக்குப் போனவளுக்கு, தாமதமாக வருகிறவனுக்கு, பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவோம். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். சொல்லாமல் விட்டால்தான் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

முப்பத்தெட்டு கோடுகளும் விழுந்தன.

"எல்லாரும் வந்தாச்சுண்ணே, எடுங்க," என்று ஓட்டுநரிடம் சொன்னார் பாக் கொஸ்வாரா. எங்கள் பேருந்து முதலில் கிளம்பியது. அடுத்த வகுப்பின் பேருந்து பின்னால் வந்தது.

ஒன்பது வருடமாக அவர் ஒப்பந்த ஆசிரியர். நிரந்தர வேலைக்கான கடிதம் அந்த மாதம் வர வேண்டியிருந்தது. காலையில் சுகபூமியிலிருந்து கிளம்பும்போதே பேருந்தின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரும் தொலைஞ்சு கிலைஞ்சு போயிராதீங்கப்பா. என் வேலை உங்க கையிலதான் இருக்கு," என்று எங்களைச் சிரிக்க வைத்திருந்தார்.

பூங்காவுக்கு முன்னால் ஓவியக் காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பிடித்த படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். நானும் தித்தினும் ஒரே படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். நீல எரிமலை, அடியில் வயல், ஓர் எருமை.

மூன்று வருடமாக மாவட்ட ஓவியப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து நான்தான் போய்க்கொண்டிருந்தேன். காட்சியகப் படிக்கட்டில் நின்று பாக் கொஸ்வாரா தித்தினின் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை இவள் போகட்டும் என்றார். என் தோளைத் தட்டி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நாங்கள் ஆறாம் வகுப்பு. அடுத்த வருடம் அந்தப் பள்ளியிலேயே இருக்க மாட்டோம். பாவம், அவருக்கு அது தோன்றவில்லை.

பூங்காவில் சாப்பிடும்போது தித்தின் வழக்கம்போல அவளுடைய பொரித்த சோயாத் துண்டில், தெம்பேயில், பாதியைப் பிட்டு என் இலையில் வைத்தாள். வாங்கித் தின்றேன்.

சுகபூமிக்கு வந்து சேர்ந்தபோது பள்ளி வாசலில் அவள் அப்பா குடையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் இறங்கி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

அவளைப் பூங்காக் காவலாளி தன் மழைக்கோட்டுக்குள் சுருட்டி, அறையில் உட்கார வைத்திருந்தார். அல்லிக் குளத்தங்கரையில் மறந்துவைத்த பென்சில் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போயிருந்தாளாம். அப்பா போய்க் கூட்டிவந்தார்.

மறுநாள் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தார். பதிவேட்டைத் திறந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். முப்பத்துமூன்றுக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார்.

பேருந்தில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"நான் கூப்பிடவே இல்லம்மா. மழை, அவசரம். மொத்தமா கோடு போட்டுட்டேன். புள்ளைங்க மேல தப்பு இல்ல," என்றார் பாக் கொஸ்வாரா.

மூன்று வருடம் என் குரலைக் கேட்டவர் அவர். மாற்றிப் பேசினாலும் தெரியாமலா இருந்திருக்கும்.

அந்த மாதம் கடிதம் வந்தது, அவர் பெயர் இல்லாமல். ஈத் விடுமுறைக்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை. மனைவியின் ஊரில் வாடகைக்கு ஆள் ஏற்றி மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

தித்தினுக்கு ஒரு வாரம் காய்ச்சல். போட்டிக்கு நான் போனேன். மூன்றாம் பரிசு கிடைத்தது.

காய்ச்சல் தெளிந்து வந்தவளுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நேரே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அடுத்த வகுப்பின் பேருந்தில் ஏறியிருப்பாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். நம்பினாள்.

இருபத்தாறு வருடமாகிறது. ஒவ்வொரு ஈத் பெருநாளன்றும் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். தெரிந்து செய்ததையும் தெரியாமல் செய்ததையும் பொறுத்துக்கொள் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்வோம். தித்தினை நான் விடியற்காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவேன். மற்றவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதை அவளிடம் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்.

"நீ என்னடி பண்ணிட்ட எனக்கு? திட்டு விழக் கூடாதுன்னு எனக்காகக் குரல் கொடுத்தவ நீ," என்று இந்த வருடமும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுகிறேன்.

அன்றைக்கு எனக்குச் சன்னலோர இருக்கை. அவள் எண்ணை அவர் கூப்பிட்டபோது, கெனாரி மரங்களுக்கு நடுவில் பென்சில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் எந்தச் சன்னலில் இருக்கிறேன் என்று தேடியபடியே ஓடிவந்துகொண்டிருந்தாள்.

நான் திரையை இழுத்து மூடினேன்.