விழுந்தவர் பெயர்

"மறுபடியும் ஸ்டேனக் வீட்டுக்கா?" வண்டியில் ஏறும்போதே டேரலுக்கு எரிச்சல்.

"அவரேதான். விழுந்துட்டாராம். எழுந்திரிக்க முடியலையாம்," என்றாள் வண்டி ஓட்டும் மரிசோல்.

நெருப்பை அணைக்கத்தான் டேரல் தீயணைப்புப் படையில் சேர்ந்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் நெருப்பு எங்கே பிடிக்கிறது? வயதானவர்கள்தான் விழுகிறார்கள், போய்த் தூக்கி விட வேண்டும். அதில் ஸ்டேனக்கைத் தூக்குவதுதான் பெரும்பாடு. எழுபத்தெட்டு வயது, முந்நூற்றிருபது பவுண்டு, அதாவது நூற்று நாற்பத்தைந்து கிலோ உடம்பு.

"போன தடவை தூக்கி என் இடுப்பே போச்சு. மனுஷன் தரையில கிடந்துக்கிட்டே, மேஜை மேல இருந்த கொலாச்சி பன்னை எடுத்துக்கங்கன்னு உபசாரம் பண்றாரு! திங்கிறது அவரு, தண்டம் அழறது ஊரு."

"அதான் புது விதி வந்தாச்சே. வருஷத்துக்கு மூணு தடவை சும்மா. நாலாவதுக்குப் பில்லு."

"இன்னிக்கு நாலாவது." டேரல் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "நானே கையில கொடுக்கப் போறேன்."

பாவம், அவர் மனைவி லொரீன். ஒவ்வொரு முறையும் அவளையும் சேர்த்துச் சாய்த்து விடுகிறார். 'தடுமாறி அவளைப் பிடிச்சேன், ரெண்டு பேரும் விழுந்துட்டோம்' என்று சிரிப்பு வேறு. அந்தக் கனம் அவள் மேலேயே விழுந்தால் என்னாவது என்று டேரலுக்கு நிஜமாகவே பயம்.

அன்று டேரலும் மரிசோலும் வேறு வேலையாகப் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்கள். இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.

கதவுக் கண்ணாடி வழியே டேரல் பார்த்தான். தரையில் லொரீன் மட்டும் கிடந்தாள். ஸ்டேனக் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்து, முட்டியை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க, அவள் பக்கத்தில் மெல்லப் படுத்துக்கொண்டார்.

உள்ளே போய் இருவரையும் தூக்கி உட்கார வைத்தார்கள். அடி ஏதும் படவில்லை. மரிசோல் லொரீனைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள்.

"நீங்க விழவே இல்லை. பார்த்தேன்," என்றான் டேரல்.

கிழவரின் முகம் வெளுத்தது. "எழுதிடாதே தம்பி. அவதான் விழுறா. இன்னொரு தடவை விழுந்தா முதியோர் காப்பகம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குப் பணம் கட்ட இந்த வீட்டை வித்தாகணும். அவ அங்க, நான் எங்கேயோ. அம்பத்தோரு வருஷமா அவ இல்லாம நான் தூங்கினதில்லை."

"நீங்க விழுந்தா மட்டும் விட்டுடுவாங்களா?"

"என்னை உடம்பைக் குறைன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நாப்பது வருஷமா அதைத்தானே சொல்றாங்க. பில்லைக் கொடு, கட்டிடறேன்."

அறிக்கைத் தாளில் 'விழுந்தவர் பெயர்' என்ற கட்டத்துக்கு மேல் டேரலின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஸ்டேனக்கின் பெயரையே எழுதினான். எழுதும்போது கூச்சமாக இருந்தது.

"நாலு தடவை வந்தோம். எங்கள்ல ஒருத்தருக்குக் கூட எப்படிச் சந்தேகம் வராமப் போச்சு?"

கிழவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இந்த உடம்பைப் பார்த்தப்புறம் யாரு தம்பி வேற காரணம் தேடறாங்க?"