அவள் தோண்டிய குழி

அரிவாள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இறங்கியது. சாய்வாக, ஒரே வெட்டு.

சீமைக்கருவேலம் முள்ளோடு சரிந்தது.

பிரிட்டோ சார் அவள் பின்னால் வந்து நின்றார். அந்தச் சின்னக் கல்லூரியில் இயற்கை வளப் பாதுகாப்புக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். இன்றைக்குச் செய்முறைத் தேர்வு. கண்மாய்க்குள் ஆளுக்கொரு மரம். வேரோடு எடுக்க வேண்டும்.

“என்னம்மா, மறுபடி வளரட்டும்னு வெட்டுன மாதிரி இருக்கு?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுபடி வளரட்டும் என்றுதான் அந்தக் கை இத்தனை காலமும் வெட்டியது. இதே கண்மாயின் மறுகரையில், இந்த மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் அப்பாவுக்கு. அடித்தூரை விட்டு வெட்டினால்தான் அடுத்த வெட்டுக்கு மரம் இருக்கும். வீட்டுச் சோறு அதில்தான். அவள் படிப்பும் அதில்தான்.

படிக்க வந்த இடத்தில் அந்த மரத்தை ஒழிப்பதே முதல் பாடம்.

பாடம் பொய்யாக இருந்தாலாவது பரவாயில்லை. அது உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். சின்ன வயதில் அவள் நீந்திய இடம் இது. இப்போது கால் வைக்க வழியில்லை, முள்.

கடப்பாரையை வாங்கினாள்.

தோண்டத் தோண்டத் தூர் முண்டும் முடிச்சுமாக வெளியே வந்தது. அதற்கும் கீழே போய் வேரை அறுத்தாள். முழுத் தூரையும் புரட்டி மேலே போட்டாள். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

சாருக்கு ஏக சந்தோஷம். மற்றவர்கள் வேலையையும் நீயே பார்த்துச் சொல் என்று சொல்லிவிட்டு, கரையில் நிழல் தேடிப் போனார்.

முதலில் கூடப் படிக்கும் மேகலாவின் இடம். பரப்பியிருந்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

தூர் அப்படியே இருந்தது. தரை மட்டத்துக்கு வெட்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறாள் மகராசி.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

ஒரு மழை போதும். அத்தனையும் துளிர்த்துவிடும்.

மேகலா தூரத்தில் நின்று, சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவள் செய்தது மேகலாவுக்காக ஒன்றும் இல்லை.

அவள் இன்னும் கொஞ்சம் மண்ணை இழுத்துவிட்டு மிதித்தாள். ஒவ்வொரு இடத்திலும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாரிடம் சொன்னாள். சார் நம்பினார். அது கொஞ்சம் வலித்தது.

சாயங்காலம் அப்பா மூட்டத்தில் வெடிப்பு விட்ட இடங்களில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. அவள் வந்ததைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“எல்லாத்தையும் வேரோட எடுத்துட்டீகளா தாயி?”

அவள் உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

“என்னோடத எடுத்துட்டேம்ப்பா.”

அப்பா நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த வெடிப்பைத் தேடிப் போனார்.

ஐப்பசியில் மழை இறங்கியது.

மேகலாவின் மண்ணில் பச்சை எட்டிப் பார்த்தது. சுற்றிலும் அத்தனை இடத்திலும் பார்த்தது.

அவள் குழியில் மட்டும் தண்ணீர் நின்றது.