வழக்கில்லாத ஆண்டு

அவசர உதவி மையத்தின் மேல் ஓராண்டாக ஒரு வழக்குகூட இல்லையாம், அதற்கொரு விழா. கேடயத்தை வாங்கிய இயக்குநர் மணவாளன் மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

முன்வரிசையிலிருந்த அவர் மனைவி பூங்கோதை பதறி ஓடினாள். அரங்கில் பயிற்சி பெற்ற மீட்புப் பணியாளர்கள் நாற்பது பேர். அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் மண்டியிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை அவர் வாயருகே நீட்டினான்.

“சார், ‘சம்மதம்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

“பேச்சு மூச்சில்லாம கிடக்கிறவரு எப்படிடா சொல்வாரு? நான் சொல்றேன், தொடு!”

“நீங்க சொன்னா செல்லாதும்மா. நோயாளியே சொல்லணும், சார் போட்ட ரூல்தான். தொட்டு ஏதாவது ஆயிட்டா எங்க மேல கேஸ் வரும்.”

“தூ! இதுக்கா உங்களுக்கு யூனிஃபார்ம்?”

பூங்கோதை தானே அவர் நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, தெரிந்த மட்டும் அழுத்தினாள். அவர் பிழைக்கவில்லை. நாற்பது பேரும் அசையாமல், மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மையத்திலிருந்து பெரிய மாலை வந்தது. கூடவே ஒரு நோட்டீஸ். சம்மதம் பெறாமல் நோயாளியைத் தொட்ட குற்றத்துக்காகப் பூங்கோதை மேல் வழக்கு.

சாட்சிகள் நாற்பது பேர்.