மிதமான பாதை

பெண் பார்க்க வந்தவனுக்கு ஊரில் எல்லாரும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுப்பார்கள். புஷ்பமேரி டீச்சர் ஹெல்மெட் கொடுத்தார்.

"தலைக்குச் சரியா இருக்கா பாருங்க, தம்பி."

தலைக்குச் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இருந்த உடம்பில்தான் அருள்நாதனுக்குச் சந்தேகம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவன். கரும்பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நடந்ததைத் தவிர அவன் உடற்பயிற்சி செய்ததற்குச் சான்று கிடையாது.

அதே கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ரூபியை இரண்டு வருடமாகக் காதலிக்கிறான். கல்யாணத்துக்கு எல்லாருக்கும் சம்மதம், ரூபியின் அம்மா புஷ்பமேரி டீச்சரைத் தவிர. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பி.டி. பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான். விசில் இன்னும் கழுத்திலேயே இருந்தது.

"ரூல் ஒண்ணுதான்," என்றார், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டே. "ஆத்தூர்க் காட்டுப் பூங்காவை என்கூட சைக்கிள்ல ஒரு சுத்து வரணும். கால் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா வடமதுரை மாப்பிள்ளைக்குப் போன் போட்டுருவேன். அவரு தினமும் ஓடுறாராம்."

"எதுக்கு ஓடுறாரு?" என்றான் அருள்நாதன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "நான் நின்னா நீங்களும் நிக்கலாம். ஆனா நான் நிக்கிறவ இல்ல."

ரூபி மெல்ல அவன் காதருகே வந்தாள். "மேட்டுல சின்ன கியர் போடுங்க."

"சின்னது எது?"

ரூபி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூங்கா வாசலில் ஒரு பலகை. 'மிதமான பாதை' என்று எழுதியிருந்தது. யாருக்கு மிதம் என்று எழுதவில்லை. பொறுப்பில்லாத வாக்கியம் என்று அருள்நாதன் அதைக் கண்டிக்கத் தொடங்குமுன் விசில் ஊதிவிட்டது.

முதல் இறக்கத்தில் அலறினான். இரண்டாவது இறக்கத்தில் பாதி அலறல் சிரிப்பாகிவிட்டது. மூன்றாவதில் முழுக்கச் சிரிப்பு. மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. ஒரு பள்ளத்தில் சைக்கிள் எம்பி, இரண்டு சக்கரமும் காற்றில் நின்றன.

"ஏலே, அருளு! பறக்கிறடா!" என்று தன்னையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டான்.

குரங்குக் குடும்பம் ஒன்று கிளையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது.

"ஏன் தம்பி கத்துறீங்க?" முன்னால் போன டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

"சந்தோஷம், டீச்சர்!"

"செத்த நேரத்துல போயிரும். மேடு வருது."

வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. கியரை இந்தப் பக்கம் தள்ளினான், பாரம் கூடியது. அந்தப் பக்கம் தள்ளினான். கால் மட்டும் சுற்றியது, சைக்கிள் அங்கேயே இருந்தது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தேமா... புளிமா... தேமா... புளிமா..."

"என்ன தம்பி, ஜெபமா?"

"யாப்பு, டீச்சர்."

"கேக்குது, கேக்குது. மூச்சைச் சேத்து விடுங்க."

கருவிளத்துக்கு வரும்போது கண் இருட்டியது. ரூபியை நினைத்தான், வடமதுரையில் ஓடிக்கொண்டிருப்பவனை நினைத்தான், இன்னும் நாலு மிதி மிதித்தான். அவ்வளவுதான். இனி முடியாது. பெடலிலிருந்து வலது காலை எடுத்தேவிட்டான். தரைக்கும் செருப்புக்கும் ஒரு சாண்.

"அடச்சே!"

முன்னால் டீச்சர் குதித்து இறங்கினார். "செயின் கழண்டுருச்சு, தம்பி! நில்லுங்க!"

நின்றான். நின்றான் என்பதைவிட, விழுந்த இடத்தில் கால் இருந்தது.

மரியாதைக்கு, "நான் மாட்டித் தரவா?" என்று கேட்டான். கேட்க மூன்று மூச்சு ஆனது.

"வேண்டாம், வேண்டாம். என் சைக்கிளை அடுத்தவங்க தொட்டா எனக்குப் பிடிக்காது. அந்தப் பாறையில உக்காருங்க."

டீச்சர் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து, "இது ஒண்ணு... சனியன்... மாட்ட மாட்டேங்குதே..." என்று முனகிக்கொண்டே இருந்தார். அருள்நாதன் தண்ணீர் குடித்தான். காற்று வாங்கினான். புனித அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். தெம்பு வந்ததும் கூடவே இளக்காரமும் வந்தது. பி.டி. டீச்சராம்! ஒரு செயின் மாட்டத் தெரியவில்லை!

"போலாமா, தம்பி?"

"நான் எப்பவோ ரெடி, டீச்சர்."

மிச்ச மேடு ஏறிவிட்டது. அப்புறம் ஒரே இறக்கம். வாசல் வரை கூவிக்கொண்டே வந்தான்.

வாசலில் ரூபி லட்டு டப்பாவும் கலங்கிய கண்ணுமாக நின்றாள். "கால் ஊனுனீங்களா?"

"நானா? உங்கம்மாதான் நின்னாங்க!" அருள்நாதன் நெஞ்சை நிமிர்த்தினான். "செயின் கழண்டுருச்சு. அதை மாட்ட அம்புட்டு நேரம்! நான் பாட்டுக்கு உக்காந்து காத்து வாங்கினேன்."

"எங்கம்மாவா? கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவாங்களே!"

"வயசாகுதுல்ல, ரூபி. நாமதான் அனுசரிச்சுப் போகணும்," என்றான் பெருந்தன்மையாக.

டீச்சர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே வந்தார். டப்பாவிலிருந்து ஒரு லட்டை எடுத்தார்.

"வாயைத் திறங்க, மாப்ளே!"

மாப்ளே! அருள்நாதன் காது வரைக்கும் வாயைத் திறந்தான். லட்டு உள்ளே போகும்போதுதான் அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தான்.

அம்புட்டு நேரம் செயின் மாட்டிய விரல்களில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லை.